உள்ளூர் ஓணானா, வெளியூர் ஓணானா?

வா மாப்ள, குந்து. ஃபைலைக் கக்கத்துல இடுக்கிக்கினு வர்ற தோரணையைப் பார்த்தாலே தெரியுது, பள்ளிக்கூடத்துல ஏதோ பெரிய காரியம். பாடத்திட்டத்தை மறுபரிசீலனை பண்ணணும், அதுக்கு உள்ள இருக்கற டீச்சருங்களையே மதிப்பீட்டுக்குப் போடறதா, மெட்ராஸ்ல இருந்து ஆளைக் கூட்டியாறதான்னு ராத்தூக்கம் இல்லைன்றே. இருக்கற ஆளுங்களை எல்லாம் விட்டுட்டு எங்கிட்ட வந்து கேக்கறே பாரு, அங்கதான் உன் சாமர்த்தியம். எனக்கு ஃபீஸ் கிடையாது, கார் வாடகை கிடையாது, பவர்பாயின்ட் கிடையாது. தப்பாப் போனா, 'கெழவன் பேச்சைக் கேட்டேன்'னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்.

மொதல்ல ஒண்ணு சொல்லு. உன் கையில எவ்ளோ பாடத்திட்டம் இருக்கு? ஒண்ணாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் சமச்சீர்க் கல்வி. ஸ்டேட் போர்டு, மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல்னு நாலு அடுப்பா எரிஞ்சதை 2010-ல சட்டம் போட்டு ஒண்ணாக்கிட்டாங்க. வாசல்ல மெட்ரிகுலேஷன்னு போர்டு. உள்ளே அரசாங்கம் அச்சடிச்ச அதே புத்தகம். அதுல ஒரு கமாவைக்கூட நீ மாத்த முடியாது. ஆக, உன் ராஜாங்கம் எல்கேஜி, யூகேஜி, கம்ப்யூட்டர், ஜி.கே., ஒரு கையெழுத்து நோட்டு, அப்புறம் எந்தப் பாடத்தை எத்தினி நாள்ல எப்படி நடத்தறதுன்ற கணக்கு. அவ்ளோதான். அதுக்குப் போயி கேட்டு மேல பேனர் கட்டியிருக்கே. கட்டு, வேணாம்னு சொல்லலை. அட்மிஷன் சீசன் வருது, எனக்குத் தெரியாதா?

இப்ப உள்ளாளு கதைக்கு வருவோம். யூகேஜிக்கு இந்தப் புத்தகம்தான் வாங்கணும்னு எடுத்துக் குடுத்தது யாரு? உங்க கோஆர்டினேட்டர் அம்மா. அது நல்லாருக்கா இல்லையான்னு இப்ப மார்க் போடப்போறது யாரு? அதே அம்மா. வேலிக்கு ஓணான் சாட்சின்னு நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? அந்தம்மாவைக் குத்தம் சொல்லலை. நீயே யோசி. கூட்டம் போடறே, நடு நாற்காலியில உட்கார்றே, 'எல்லாரும் மனசு விட்டுப் பேசுங்க'ன்றே. ஏப்ரல் மாசம் இன்க்ரிமென்ட் லிஸ்ட்ல கையெழுத்துப் போடறதும் அதே நாற்காலிதான். யாரு வாயைத் திறக்கும்? போன வருஷம் சேர்ந்த சின்னப் பொண்ணு ஒண்ணு ஏதோ சொல்ல வாயெடுத்தா, பக்கத்துல இருக்கற மூத்த டீச்சர் முழங்கையால ஒரு இடி இடிக்கும். அதோட முடிஞ்சுது உன் உள் மதிப்பீடு. மினிட்ஸ் நோட்ல 'ஒருமனதாக' அப்டின்னு எழுதிக்கோ.

அதுக்காக உள்ளாளு வேணாம்னு சொல்லிட்டேன்னு கெளம்பிடாதே. உள்ளாளுக்குத் தெரியறது வெளியாளுக்கு ஜென்மத்துக்கும் தெரியாது. காக்களூர் சிட்கோவும் மேல்நல்லாத்தூர் கம்பெனியும் வந்தப்புறம் உன் வகுப்புல பிஹாருப் பிள்ளைங்க எத்தினி, ஒடிசாப் பிள்ளைங்க எத்தினின்னு ரிஜிஸ்டர்ல இருக்கு. ஆனா மூணாவது பெஞ்சுல உட்கார்ற பையன் டீச்சர் பேசறதைப் புரிஞ்சுக்கினு தலையாட்டறானா, எல்லாரும் ஆட்டறாங்கன்னு ஆட்டறானான்றது கிளாஸ் டீச்சருக்கு மட்டும்தான் தெரியும். செங்கல் சூளைக்கு வர்ற சனம் மழை ஓய்ஞ்சு வரும், வெயில் முத்தினா கெளம்பிடும். பிள்ளை நடு வருஷத்துல முளைக்கும், புத்தகம் பாதியில இருக்கும்போதே காணாமப் போயிடும். அந்தப் பிள்ளைங்களுக்கு ஒடிசாவுல இருந்து ஒடியா புத்தகம் வரவழைச்சு சூளையோரத்துலயே பாடம் சொல்லிக் குடுத்தது நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலதான். ஏசி ரூம்ல உட்கார்ந்து யோசிச்ச யோசனையா அது? சூளைக்குள்ள கால் வெச்சவங்களுக்குத்தான் அது தோணும்.

இன்னொண்ணு சொல்றேன் கேளு. பேரனைக் கூட்டியார உன் பள்ளிக்கூடத்துக்குத்தான் தினம் வர்றேன். பெல் அடிக்கற வரைக்கும் யூகேஜி ஜன்னலாண்ட நிப்பேன். சுவத்துல உயிரெழுத்துச் சார்ட். அ-வுக்கு அம்மா, ஆ-வுக்கு ஆடு, சரி. உ-வுக்கு உரல். ஏ-வுக்கு ஏற்றம். ஏற்றம் மிதிச்ச கடைசி ஆளுங்கள்ல நான் ஒருத்தன் மாப்ள. இந்த மனைப்பிரிவு வர்றதுக்கு முன்னாடி இங்க கிணறு இருந்துச்சு, கம்பு விளைஞ்சுது, அதெல்லாம் விடு. டீச்சர் பிரம்பை வெச்சுத் தட்டி 'ஏ'ன்னாங்க. பிள்ளைங்க கோரஸா 'ஏற்றம்'னு கத்துச்சு. பிரமாதம். டீச்சர் அந்தாண்ட போனதும் ஒரு வாண்டு பக்கத்துப் பொடிசுகிட்ட அந்தப் படத்தைக் காட்டி, 'பார்க்குல நாம ஆடினோமே, சீசா' அப்டின்னுச்சு. உரலை 'டிரம்மு'ன்னுச்சு. டீச்சர் காதுல அது விழலை, ஏன்னா டீச்சர் கேக்கறப்போ பிள்ளைங்க கரெக்டாத்தான் சொல்லுது. ஆயாம்மா சிரிச்சுக்கினே எங்கிட்ட சொல்லுது, 'தாத்தா, ரெண்டு வருஷமா இதுங்க அதை சீசான்னுதான் சொல்லுதுங்க'ன்னு.

அந்தப் பதிப்பகத்து ரெப் இருக்காரே, ஸ்கூட்டர்ல மூட்டை கட்டிக்கினு வருவாரே, அவருக்கு இது தெரியாது. கோஆர்டினேட்டருக்குத் தெரியாது. உனக்குத் தெரியாது. நாளைக்கு ஒரு நிபுணர் வந்தா, சார்ட்டைப் பார்த்துட்டு 'பாரம்பரியத்தோடு இணைந்த கற்றல்'னு எழுதிட்டுப் போயிடுவாரு. ரெண்டு வருஷமா உன் பள்ளிக்கூடத்துல பாடத்திட்ட மதிப்பீடு நடந்துக்கினுதான் இருக்கு. பண்ணின ஆளு கையில துடைப்பம் இருந்ததால அதுக்கு மதிப்பீடுன்னு யாரும் பேர் வெக்கலை.

சரி, வெளியாளு. வெளியாளுக்கு ஒரு பெரிய லாபம் இருக்கு: அவருக்கு உங்கிட்ட சம்பளம் இல்லை, உன் பொண்டாட்டி தம்பி கல்யாணத்துக்கு வர வேண்டிய கட்டாயம் இல்லை. புதுக்கண்ணு. நீங்க தினம் தாண்டிப் போற பள்ளத்துல அவரு மொத நாளே கால் விடுவாரு. ஆனா வெளியாளு வர்றாருன்னா இங்க இன்னா நடக்கும்னு உனக்கு நான் சொல்லணுமா? கல்வி அலுவலர் ஆண்டாய்வுக்கு வர்ற அன்னிக்கு உங்க ஸ்கூலைப் பார்த்தவன் நான். பீரோவுல பூட்டி வெச்ச பூமி உருண்டை வெளிய வரும். பாடக்குறிப்பு நோட்டு ராத்திரியோட ராத்திரியா நாலு மாசத்துக்கு எழுதப்படும், ஒரே பேனாவுல. நல்லாப் படிக்கற பிள்ளைங்க மொத பெஞ்சுக்கு ஜாகை மாறும். போன வாரம் நடத்தின பாடத்தை இன்னிக்குப் புதுசா நடத்தற மாதிரி டீச்சர் ஆரம்பிக்கும்: 'காற்றில் அதிகமாக உள்ள வாயு...' கேள்வி முடியறதுக்குள்ள ஒரு பையன் எழுந்து 'நைட்ரஜன் மிஸ், 78 சதவீதம்'னு முடிச்சுட்டு, அடுத்த கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லிட்டு உட்கார்ந்தானே, ஞாபகம் இருக்கா? அலுவலர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கினாரு. அவரும் ஒரு காலத்துல வாத்தியாரு, அவருக்கா தெரியாது?

இது இன்னிக்கு நேத்து வந்த வியாதி இல்லை. வெள்ளைக்காரன் காலத்துல மெட்ராஸ் மாகாணத்துல ரிசல்ட் கிராண்ட்டுன்னு ஒண்ணு இருந்துச்சு. இன்ஸ்பெக்டர் வருவாரு, பிள்ளையை நிக்க வெச்சுக் கேள்வி கேட்பாரு, தேறின தலைக்கு இவ்ளோன்னு பள்ளிக்கூடத்துக்கு மானியம். அவன் ஊர்லயே 1862-ல ஆரம்பிச்ச ஏற்பாடு அது. விளைவு இன்னா? இன்ஸ்பெக்டர் கேக்கறதை மட்டும் பிள்ளைங்களுக்கு ஓட்டினாங்க. கேக்காததைச் சொல்லிக் குடுத்தா வாத்தியாருக்கு நஷ்டம். அந்த நூற்றாண்டு முடியறதுக்குள்ள அவன் ஊர்ல அவனே சலிச்சுப்போயி அதை மூட்டை கட்டிட்டான். நாம பொதுத்தேர்வு சதவீதத்தை ஃப்ளெக்ஸ்ல போட்டுக்கினு அதையே இன்னும் கொண்டாடிக்கினு இருக்கோம்.

அதே இங்கிலாந்துல இப்ப ஆஃப்ஸ்டெட்னு ஒரு வெளி மதிப்பீட்டு அமைப்பு, 1992-ல வந்தது. பள்ளிக்கூடம் முழுசையும் பார்த்துட்டு கடைசியில ஒத்தை வார்த்தையில தீர்ப்பு குடுத்துக்கினு இருந்துச்சு. 2023 ஜனவரியில ரீடிங்ன்ற ஊர்ல ரூத் பெர்ரின்னு ஒரு தலைமையாசிரியை, அந்த ஒத்தை வார்த்தை வெளிய வர்றதுக்கு முன்னாடியே உயிரை மாய்ச்சுக்கினாங்க. அந்த ஆய்வும் ஒரு காரணம்னு மரண விசாரணையில பதிவாச்சு. 2024 செப்டம்பர்ல ஒத்தை வார்த்தைத் தீர்ப்பை எடுத்துட்டாங்க. இதுல நான் கேலி பேச ஒண்ணுமில்லை. பின்லாந்துக்காரன் 1990-கள் ஆரம்பத்துலயே இன்ஸ்பெக்‌ஷனே வேணாம்னு விட்டுட்டான்; ஆனா அதுக்கு முன்னாடி வாத்தியாருக்கு உசந்த படிப்பும் மரியாதையும் குடுத்து வெச்சான். நீ முதல் பாதியை மட்டும் காப்பியடிப்பேன்னு எனக்குத் தெரியும்.

நம்ம ஊர்ல வெளியாளு தகராறு எவ்ளோ கிட்டத்துல நடந்ததுன்னு பாரு. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல சின்ன வகுப்புங்களுக்கு வந்துச்சு. பிள்ளைங்களுக்கு எந்த அளவுக்கு ஏறியிருக்குன்னு பார்க்க 2023-ல பி.எட். மாணவருங்களை அனுப்பினாங்க. ஆசிரியர் சங்கங்க எகிறிடுச்சு. நாளைக்கு வாத்தியாராகப் போற பிள்ளை இன்னிக்கு வாத்தியார் வகுப்பை அளக்குதான்னு அவங்க கோபம். பிள்ளைங்களைத்தானே அளக்கறோம், உங்களை இல்லையேன்னு இந்தாண்ட சமாதானம். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா எனக்கு அதுல பட்டது வேற. யாரு வந்து அளக்கப்போறாங்க, எதுக்கு அளக்கறாங்க, அந்த மார்க் எங்க போய்ச் சேரும்னு முன்னாடியே உட்கார்ந்து பேசியிருந்தா, பாதிக் கோபம் டீயோட இறங்கியிருக்கும்.

பெரிய இடத்துக் கதை ஒண்ணு சொல்றேன், இதைத்தான் நீ முழுசாக் கேட்கணும். அந்தக் கிலோ கணக்கு ஃபைலை ஓரமா வை.

சமச்சீர்க் கல்விக்கு ஆரம்பம் 2006-ல. பாரதிதாசன் பல்கலைக்கழகத்துத் துணைவேந்தரா இருந்த முத்துக்குமரன் தலைமையில கமிட்டி போட்டாங்க, 2007-ல அறிக்கை வந்துச்சு. சட்டம் 2010. அந்த வருஷமே ஒண்ணாவதுக்கும் ஆறாவதுக்கும் புதுப் புத்தகம் வந்துடுச்சு. மத்த வகுப்புக்கெல்லாம் அடுத்த வருஷம். புத்தகம் அச்சடிச்சு குடோன்ல அடுக்கியாச்சு. 2011 மே மாசம் ஆட்சி மாறிச்சு. புது அரசாங்கம், பாடத்திட்டம் தரமா இல்லை, இப்போதைக்கு வேணாம், ஆராயணும்னு ஜூன் மாசம் சட்டத்தைத் திருத்திச்சு. வழக்கு உயர் நீதிமன்றம் போயி, உச்ச நீதிமன்றம் போயி, நிபுணர் குழு போட்டுப் பாருங்கன்னு உத்தரவு வந்துச்சு. தலைமைச் செயலாளர் தலைமையில 9 பேர். என்.சி.இ.ஆர்.டி.-யில இருந்து ஆளுங்க, சென்னையில பேர் பெத்த தனியார் பள்ளிக்கூடம் நடத்தறவங்க, பெரிய படிப்பு படிச்சவங்க. அத்தினி பாடத்தையும் மூணு வாரத்துக்குள்ள அலசி அறிக்கை குடுத்தாங்க. நம்ம வீட்டுப் பத்திரத்தைப் படிச்சு முடிக்கவே வக்கீல் ஒரு மாசம் எடுத்துக்கறாரு, அதையும் நெனச்சுக்கோ.

குழுவுல கிராமத்துப் பள்ளிக்கூடத்தைத் தெரிஞ்சவங்க எங்கன்னு அப்பவே கேள்வி வந்துச்சு. உன் மாதிரி ஆளுங்க எல்லாம் 'உள்ளாளா, வெளியாளா'ன்னு பட்டிமன்றம் நடத்தினாங்க. சங்கதி அங்க இல்லை மாப்ள. நீதிமன்றம் உறுப்பினருங்களோட கருத்தை எல்லாம் பிரிச்சுப் பார்த்துச்சு. அவங்க பாடத்திட்டத்தை அடியோட தூக்கிப் போடச் சொல்லலை. அங்கங்க குறை இருக்குன்னாங்க. பிழைதிருத்தம் போட்டு, சேர்க்க வேண்டியதைச் சேர்த்துச் சரி பண்ணக்கூடிய குறை. அந்தக் குறையைக் காட்டி மொத்தத்தையும் நிறுத்தறது ஆகாதுன்னு ஜூலை 18-ல உயர் நீதிமன்றம் சொல்லிச்சு. ஆகஸ்ட் 9-ல உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லி, 10 நாள்ல நடைமுறைப்படுத்துன்னுச்சு.

அதுவரைக்கும் பிள்ளைங்க கதி? ஜூன் பாதியில பள்ளிக்கூடம் தொறந்து, ரெண்டு மாசம் புத்தகம் இல்லாம குந்திக்கினு இருந்துச்சுங்க. படம் வரைஞ்சாங்க, பாட்டுப் பாடினாங்க. அந்த வருஷப் பத்தாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு வயித்துல புளி கரைஞ்சுது. கடைசியில புத்தகம் கைக்கு வந்தப்போ, பழைய ஆட்சியைப் பத்தி வர்ற இடத்துல எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி, மை பூசி வந்துச்சு. வாத்தியாருங்க உட்கார்ந்து பக்கம் பக்கமா ஒட்டினாங்க. இன்னிக்கு வரைக்கும் அந்தச் சில பக்கத்தைத்தான் அந்த பேட்ச் பிள்ளைங்க மறக்கலை, ஏன்னா வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா உள்ள இருக்கறது தெரியும். மறைச்சதை மட்டும் பிள்ளைங்க தேடித் தேடிப் படிச்சுதுங்க. நாட்டுல எந்தப் பாடத்திட்ட நிபுணரும் இதுவரைக்கும் கண்டுபிடிக்காத கற்பித்தல் முறை அது.

இதுல உனக்கு இன்னா சேதி? உறுப்பினர் குறை சொல்றது ஒண்ணு, அதை வெச்சு மேல இருக்கறவங்க பண்ண நெனக்கறது ஒண்ணு. தனித்தனிக் கருத்து காகிதத்துல நின்னதாலதான் நீதிமன்றத்தால அதைப் படிக்க முடிஞ்சுது. உன் பள்ளிக்கூடத்துக்கு எந்த நீதிமன்றம் வந்து படிக்கப் போவுது?

2012-லயும் ஒண்ணு நடந்துச்சு. என்.சி.இ.ஆர்.டி. அரசியல் பாடப் புத்தகத்துல கார்ட்டூன் தகராறு. அம்பேத்கர் படம் ஒண்ணு, நம்ம ஊர் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பத்தி ஆர்.கே. லட்சுமண் போட்டது ஒண்ணு. சுகதேவ் தோரட் தலைமையில குழு போட்டாங்க. பல படத்தை எடுக்கச் சொன்னாங்க. அதுல ஒருத்தர் மட்டும் மாறுபட்டு எழுதினாரு: நம்ம தமிழ் ஆளு, எம்.எஸ்.எஸ். பாண்டியன். தமிழன் மனசு புண்படும்னு ஊரே சொல்லிக்கினு இருந்தப்போ, அந்தத் தமிழரே எடுக்க வேணாம்னு எழுதினாரு பாரு. அவரை உள்ளாளுன்றதா, வெளியாளுன்றதா? உன் ஃபைல்ல அதுக்கு எந்தக் கட்டம் இருக்கு?

2022-ல மாநிலக் கல்விக் கொள்கைக்கு நீதிபதி முருகேசன் தலைமையில குழு போட்டாங்களே, அதுல விஸ்வநாதன் ஆனந்த் இருந்தாரு, டி.எம். கிருஷ்ணா இருந்தாரு, எஸ். ராமகிருஷ்ணன் இருந்தாரு, கணக்குப் பேராசிரியர் ராமானுஜம் இருந்தாரு. செஸ்ஸு, பாட்டு, கதை, கணக்கு. பார்க்கவே கல்யாணப் பந்தி மாதிரி நிறைவா இருந்துச்சு. 2023 மே-யில ஜவஹர் நேசன்ற உறுப்பினர், அதிகாரிங்க தலையிடறாங்கன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு. குழு மிச்ச வேலையை முடிச்சு 2024 ஜூலையில அறிக்கை குடுத்துச்சு. 2025 ஆகஸ்ட் 8-ல கொள்கை வெளிய வந்துச்சு, பதினொண்ணாவது பொதுத்தேர்வு போச்சு. அவரு சொன்னது சரியா தப்பான்னு நான் தீர்ப்புச் சொல்ல வரலை. வெளியாளை எத்தினி பேரை உட்கார வெச்சாலும், பேனா எந்த மேஜையில இருக்குன்ற கேள்வி போகாதுன்றேன், அவ்ளோதான்.

இப்ப உன் பள்ளிக்கூடத்துக்கு வா. என் பையன் கம்பெனியில ஆடிட்டுன்னா எப்படின்னு சொல்லுவான். மொதல்ல இவங்க ஆளுங்களே அடுத்த டிபார்ட்மென்ட்டைப் போய்ப் பார்ப்பாங்க. தன் லைனைத் தானே பார்க்கக் கூடாது, அது ரூல். வெல்டிங்காரன் பெயின்டிங்கைப் பார்ப்பான், பெயின்டிங்காரன் ஸ்டோரைப் பார்ப்பான். எழுதின குறையை எல்லாம் ஒரு ரிஜிஸ்டர்ல ஏத்துவாங்க. அப்புறம்தான் வெளி ஆடிட்டர் வருவாரு. தரையில மஞ்சக் கோடு புதுசா அடிச்சிருக்கும், அதை அவரு கண்டுக்கறதில்லை. வந்ததும் கேக்கற மொத கேள்வி: 'உங்க ஆளு எழுதின குறை ரிஜிஸ்டரைக் கொண்டா. போன தடவை எழுதினதுல எது சரியாச்சு?' ரிஜிஸ்டர் காலியா இருந்தா, கம்பெனி நல்லா ஓடுதுன்னு அவரு நெனக்க மாட்டாரு. இவங்க பார்க்கவே இல்லைன்னு நெனப்பாரு. நட்டு போல்ட்டு பண்றவனுக்கு இருக்கற புத்தி நமக்கு வேணாமா?

அதனால யூகேஜியை மூணாவது டீச்சர் பார்க்கட்டும். மூணாவதை யூகேஜி டீச்சர் பார்க்கட்டும், அவங்க அனுப்பின பிள்ளை அங்க போயி எப்படித் திணறுதுன்னு அவங்களுக்குத்தான் தெரியணும். கூட்டம் போடாதே. நீ அந்த ரூம்லயே இருக்காதே. தனித்தனியா எழுதிக் குடுக்கட்டும், பேர் போடறதும் போடாததும் அவங்க இஷ்டம். ஆயாம்மாகிட்ட எழுதச் சொல்லாதே. பக்கத்துல உட்கார வெச்சு, ஒரு டீச்சர் கேட்டு எழுதிக்கட்டும். வேன் டிரைவரையும் விடாதே. காலையில வேன்ல எந்த நோட்டை எந்தப் பிள்ளை யாரைப் பார்த்துக் காப்பியடிக்குதுன்னு அவருக்குத் தெரியும். எந்த வீட்டுப்பாடம் பிள்ளைக்கு ஏறலைன்றதுக்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி உனக்கு எவனும் தர மாட்டான். பெத்தவங்களைக் கேளுன்னு நான் சொல்லவே வேணாம், சட்டமே அரசுப் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால் வாசி பெத்தவங்க இருக்கணும்னு சொல்லுது. உனக்கு அந்தச் சட்டம் இல்லைன்னு சந்தோஷப்படாதே.

அதுக்கப்புறம் வெளியாளு. ஒரே ஒருத்தர் போதும், ஆனா ரெண்டு நாள் முழுசா. மெட்ராஸ்காரராத்தான் இருக்கணும்னு இல்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம், ஊத்துக்கோட்டைப் பக்கம், வீட்ல தெலுங்கு பேசற பிள்ளைங்களுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்து ரிட்டையர் ஆன வாத்தியாருங்க இருக்காங்க. உன் ஒடிசாப் பிள்ளையைப் பத்திப் பேச அவங்களைவிடத் தகுதி யாருக்கு? வர்றவர் விஷயத்துல ரெண்டே ரெண்டைக் கவனி. மொதல்ல இதை விசாரி: எந்தப் பதிப்பகத்துக்காவது, ஸ்மார்ட் போர்டு கம்பெனிக்காவது அவரு வேலை செய்யறாரா? போன வருஷம் வந்தாரே ஒரு ஆலோசகர், ஊரு, பேரு எதுவும் வேணாம், மூணு மணி நேரம் சுத்திப் பார்த்துட்டு, 'உங்க பாடத்திட்டத்தின் குறை என்னன்னா' அப்டின்னு ஆரம்பிச்சு, கடைசி ஸ்லைடுல ஒரு டேப்லெட் விலைப்பட்டியலைக் காட்டினாரே. வைத்தியனே மருந்துக் கடையும் வெச்சிருந்தா உனக்கு வியாதி இல்லைன்னு எப்படி மாப்ள சொல்லுவான்? ரெண்டாவது, ஆய்வுக்கு வர்ற தேதியை டீச்சருங்களுக்குச் சொல்லு, எந்த வகுப்புக்குப் போவாருன்னு சொல்லாதே. பூமி உருண்டை பீரோவுலயே இருக்கட்டும், பரவாயில்லை.

அவரு வந்தா மொதல்ல உன் டீச்சருங்க எழுதின காகிதத்தைக் குடு. 'இதெல்லாம் எங்க ஆளுங்க சொன்னது, இதுல எது நிஜம், எது பயத்துல எழுதினது, எது எங்களுக்குத் தெரியாமப் போச்சு'ன்னு கேளு. வெளியாளுக்கு அதுதான் வேலை. வெறுங்கையோட வர்றவர் வெறும் சார்ட்டைத்தான் பார்த்துட்டுப் போவாரு.

மார்க் போடச் சொல்லாதே, கிரேடு போடச் சொல்லாதே, ஸ்டார் போடச் சொல்லவே சொல்லாதே. நீ அதை ஃப்ளெக்ஸ்ல அடிச்சிடுவே. எந்த வகுப்புல, எந்தப் பக்கத்துல, இன்னா குறை, அதுக்கு இன்னா பண்ணலாம்னு எழுதச் சொல்லு. தமிழ்ல. எழுதினதை நீ திருத்தாதே. உனக்கு ஒப்பலைன்னா அடியில நீ தனியா எழுதிக் கையெழுத்துப் போடு. அவரு எழுதினதும் நிக்கட்டும், நீ எழுதினதும் நிக்கட்டும்.

உனக்கு இதுல பிடிக்காத சங்கதி இப்பத்தான் வருது, மூஞ்சியைச் சுளிக்காதே. அறிக்கையை உன் மேஜை டிராயர்ல வெக்கறதுக்கு முன்னாடி பெத்தவங்க கூட்டத்துல படிக்கணும். 'ரகசியம்'னு மேல எழுதியிருந்தாலும் படி. உன் பள்ளிக்கூடத்துல ஏ-வுக்கு ஏற்றம்னு சொல்லிக் குடுத்தது ரகசியமா? பெத்தவங்க நாலு பேர் கத்துவாங்க. ரெண்டு பேர் டி.சி. கேப்பாங்க, குடுக்காத வரைக்கும் நல்லதுன்னு நீ நாலு நாள் இழுத்தடிப்பே. மிச்ச பேர் அடுத்த வருஷம் யூகேஜி புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பாங்க, சொன்னது நடந்திருக்கான்னு. உன் பாடத்திட்டத்துக்கு நிஜமான வெளி மதிப்பீட்டாளர் அவங்கதான். ஃபீஸ் வாங்கறதில்லை, குடுக்கறாங்க.

வெளியாளுக்குப் பணம் எவ்ளோ பேசியிருக்கே? சரி, சொல்ல வேணாம். பாதியை வந்த அன்னிக்குக் குடு. மீதிப் பாதியை அந்தக் கூட்டத்துக்கு அவரும் வந்து, பெத்தவங்க கேக்கற கேள்விக்கு நின்னு பதில் சொன்னதுக்கு அப்புறம் குடு. அதுக்கு ஒத்துக்கறவர் யாருன்னு பாரு, அவரையே போடு. தேதி மட்டும் அமாவாசையில வெக்காதே; வீரராகவர் கோயில் கூட்டத்துல ஒரு பஸ்ஸும் நகராது.